பத்தடி தூரம், பத்து நாள் வித்தியாசம்

வாசகர் கேள்வி – பதில்

காட்டுச் செடிகளைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒரே இனத்துச் செடிகள் வேறு வேறு நாளில் பூக்கத் தொடங்கினால் நாளடைவில் அவற்றுக்குள் ஒட்டுறவு விட்டுப்போகும் என்பதுதான் அதில் சொன்னது. அதைத் தொட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பில் இதைப் பற்றி இத்தனை கேள்வி எனக்கு வந்ததில்லை. அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, இது மட்டும்தான்.

கேள்வி: நாங்கள் களப்பணிக்குப் போன சரிவில் ஒரே செடி இரண்டு இடத்தில் இருக்கிறது. மேலே பாறையை ஒட்டி இருப்பவை சீக்கிரம் பூத்து முடித்துவிடுகின்றன. கீழே ஈரப் பள்ளத்தில் இருப்பவை பத்து நாள் கழித்துத்தான் மொட்டே விடுகின்றன. நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருப்பவை மரபணுவில் பிரிந்துபோக முடியுமா? – முதுகலை மாணவி ஒருவர்

பதில்: முடியும் அம்மா. அப்படிப் பிரிந்த செடிகளை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு புல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில், கையில் பத்து மடங்கு லென்ஸோடு, முழங்காலிட்டு. கதிரில் அரிசி உமி மாதிரி மூடியிருந்த செதில்கள் மெல்ல விலகும். உள்ளிருந்து இரண்டு வெள்ளை இறகுகள் பக்கவாட்டில் நீளும். அவைதான் சூலகமுடிகள். நூலைவிட மெல்லிய காம்புகளில் மகரந்தப் பைகள் தொங்கும். காற்று லேசாக அசைத்தால் மஞ்சள் தூள் புகை மாதிரி கிளம்பும். வெயில் ஏறிய பிறகு அதே கதிரைப் பார்த்தால் பைகள் காலியாகிச் சுருங்கியிருக்கும். புல்லின் மகரந்தத்துக்கு ஆயுள் மிகக் குறைவு, பெரும்பாலும் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் விரிந்த இறகு ஒன்றில் போய் ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

செடி நகராது, இணையைத் தேடிப் போகாது. அது யாரோடு சேரும் என்பது இரண்டு விஷயத்தில் இருக்கிறது. மகரந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது ஒன்று. போய்ச் சேரும்போது அங்கே பூ திறந்திருக்கிறதா என்பது இன்னொன்று. தூரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பூக்கும் நாளை மறந்துவிடுகிறோம். உங்கள் பாறைச் செடியின் மகரந்தத்துக்குப் பத்தடி ஒரு தூரமே இல்லை. ஆனால் அது பறக்கும் நாளில் பள்ளத்துச் செடியில் மொட்டுகூட இல்லையே!

இனி நடந்த கதை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கைவிட்டுப்போன பழைய தாமிர, துத்தநாகச் சுரங்கங்கள் நிறைய. சுரங்கக் கழிவு கொட்டிய மேடுகளில் உலோக நச்சு அதிகம். சாதாரணப் புல் விதை அதில் முளைத்தாலும் வேர் ஓடாது, கருகிப்போகும். உலோகத்தைத் தாங்கும் தன்மை தற்செயலாக அமைந்த ஒரு சில மட்டும் பிழைத்தன. அவற்றின் பிள்ளைகள் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டன. மேட்டின் ஓரத்தில் கோடு கிழித்த மாதிரி மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது. அங்கேயும் அதே இனத்துப் புல்தான், ஆனால் அதற்கு உலோகம் தாங்காது.

1960களில் பிராட்ஷா, அன்டனோவிக்ஸ், மெக்நீலி ஆகிய ஆய்வாளர்கள் இந்த எல்லைகளில் தவம் கிடந்தார்கள். காற்று இந்தப் பக்கத்து மகரந்தத்தை அந்தப் பக்கம் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கூட்டமும் எப்படிக் கலக்காமல் நிற்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. 1968இல் மெக்நீலியும் அன்டனோவிக்ஸும் வெளியிட்ட பதிலில் பெரிய பங்கு பூக்கும் நாளுக்கு. சுரங்க மேட்டுப் புல் மேய்ச்சல் புல்லைவிடச் சுமார் ஒரு வாரம் முந்திப் பூக்கிறது. இரண்டையும் எடுத்துவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தபோதும் அந்த முந்துதல் போகவில்லை. ஆகவே அது மண்ணின் சூடு மட்டும் செய்த வேலை இல்லை, விதைக்குள்ளேயே ஏறிவிட்டது.

டிரெலோகன் என்ற இடத்தில் இருந்த எல்லைக்கு அன்டனோவிக்ஸ் நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பப் போனார். பூக்கும் நாளின் இடைவெளி அப்படியே இருந்ததை 2006இல் எழுதினார். ஒருவர் இளைஞராக அளந்த அதே கோட்டை முதிர்ந்த வயதில் மறுபடி அளந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

இதில் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உலோகத்தைத் தாங்கும் குணம் ஒரு வேலைதான் செய்யும், பிழைக்க வைக்கும். பூக்கும் நாளோ ஒரே குணமாக இருந்துகொண்டு இரண்டு வேலை செய்கிறது. சீக்கிரம் காயும் மண்ணில் சீக்கிரம் பூத்த செடி விதை வைத்துவிடுகிறது, தாமதித்தது வைக்காமல் காய்கிறது. இது சூழலின் தேர்வு. அதே நாள் மாற்றத்தால் அந்தச் செடி யாரோடு சேரும் என்பதும் மாறிவிடுகிறது. சூழலுக்கு ஏற்ப மாறுவதும் உறவு அறுவதும் தனித்தனியாக நடக்க வேண்டியதில்லை. அதனால்தான் பத்தடியில்கூடப் பிரிவு சாத்தியமாகிறது.

ஆனால் எல்லா மரபணுவும் ஒரே அளவில் பிரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுறைக்கு ஒரே ஒரு செடியின் மரபு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க் கலந்தாலும் போதும், சூழல் கண்டுகொள்ளாத சாதாரண மரபணுக்கள் பெரிதாக விலகாமல் நின்றுவிடும். சீவல் ரைட் என்ற மரபியலர் கணக்குப் போட்டுக் காட்டியது இது. ஆகவே எல்லையில் நின்று டி.என்.ஏ.வைப் பார்த்தால் உலோகம் தாங்கும் மரபணுவும் பூக்கும் நாளுக்கான மரபணுவும் கூர்மையாகப் பிரிந்திருக்கும். பக்கத்திலேயே ஆயிரம் மரபணுக்கள் பிரிவின் சுவடே தெரியாமல் கலந்து கிடக்கலாம். உங்கள் ஆய்வில் நாலைந்து மரபணுக் குறிகளை மட்டும் பார்த்துவிட்டு 'பிரிவே இல்லை' என்று முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: தேனீ மைல் கணக்கில் பறக்குமே, அது கலந்துவிடாதா? – தேனீ வளர்ப்பவர்

பதில்: தூரத்தைத்தான் ஐயா தேனீ கடக்கும், நாளைக் கடக்க அதனால் முடியாது. திறக்காத பூவில் அதற்கு வேலை இல்லை. இரண்டு கூட்டத்தின் பூக்காலமும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாட்களில் மட்டும் தேனீ பாலம் போடும். அந்தச் சில நாட்களில் சேர்வதும் எப்படி என்று பாருங்கள், ஒரு கூட்டத்தின் கடைசிப் பூக்களும் மறு கூட்டத்தின் முதல் பூக்களும்தான். இரண்டு கூட்டத்திலும் பூக்காலத்தின் நடுவில் பூக்கும் பெரும்பான்மை சந்திப்பதே இல்லை.

கேள்வி: செடிக்கு நாள் எப்படித் தெரியும்? அதற்குக் காலண்டர் இல்லையே? – பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல கேள்வி தம்பி. செடி இரவின் நீளத்தை அளக்கிறது.

இது வெளிச்சத்துக்கு வந்தது ஒரு புகையிலைச் செடியால். அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு பேர். அவர்களிடம் 'மேரிலாந்து மாமத்' என்ற ராட்சதப் புகையிலை இருந்தது. கோடை முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். சூடா, உரமா, ஈரமா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் கோடையில் தினமும் சாயங்காலத்தில் சீக்கிரமே தொட்டியை இருட்டறைக்குள் தள்ளினார்கள். பகல் குறுகியது, செடி பூத்தது! 1920இல் அதை வெளியிட்டார்கள். உண்மையில் செடி எண்ணுவது இருட்டு நேரத்தை என்பது அப்புறம் தெரியவந்தது.

இலைதான் இதை உணர்கிறது, ஆனால் பூ வருவது கிளை நுனியில். அப்படியானால் இலையிலிருந்து நுனிக்கு ஏதோ சேதி போக வேண்டும். 1930களில் சைலாக்யன் என்ற அறிஞர் அதற்கு 'ஃபுளோரிஜென்' என்று பெயர் வைத்தார். பெயர் இருந்தது, பொருள் கையில் அகப்படவில்லை. எழுபது வருடம் கழித்து, 2007 வாக்கில்தான் அது 'எஃப்.டி.' என்ற ஒரு சின்னப் புரதம் என்பது உறுதியானது. இலையில் உண்டாகி, குழாய் வழியே நுனிக்குப் போய், 'இனி இலை வேண்டாம், பூ விடு' என்கிறது.

குளிர் நாட்டுச் செடிகளில் இன்னொரு பூட்டும் உண்டு. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னக் களையில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பிரேக் மாதிரி பூப்பதைத் தடுத்து நிற்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அந்த பிரேக் இளகும். அந்த பிரேக்கை அழுத்திப் பிடிப்பது எஃப்.ஆர்.ஐ. என்ற வேறொரு மரபணு. இயற்கையில் சில இடத்துச் செடிகளில் எஃப்.ஆர்.ஐ. பழுதாகிக் கிடக்கிறது. அவை குளிர்காலத்துக்குக் காத்திராமல் பூத்துவிடும். ஒரே ஒரு மரபணு பழுதானால் பூக்கும் நாள் வாரக்கணக்கில் முந்திவிடும் என்றால், சூழல் பிடித்து இழுக்க எவ்வளவு வசதியான கயிறு அது என்று யோசித்துப் பார்.

கேள்வி: நான் பார்க்கும் இடத்திலும் இப்படி முன்பின் பூக்கும் செடிகள் இருக்கின்றன. அவை மரபணுவில் வேறு என்று சொல்லிவிடலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. இதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

பாறை மேடு ஒன்றிலும் அதன் அடியில் ஓடிய வாய்க்கால் கரையிலும் தும்பை மண்டியிருந்தது. மேட்டுத் தும்பை ஒரு சாண்கூட இருக்காது, இலை சுருங்கி, கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ வைத்துவிடும். கரைத் தும்பை முட்டி உயரம் வளர்ந்து, நிதானமாகப் பன்னிரண்டு நாள் கழித்துப் பூத்தது. மேட்டில் நாற்பது செடிக்குச் சிவப்பு நூல், கரையில் நாற்பது செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, மூன்று நாளுக்கு ஒரு தரம் எண்ணிக் குறித்தேன். இரண்டு வருடம் விடாமல் எண்ணியும் அதே பன்னிரண்டு நாள்தான். 'மரபு பிரிந்துவிட்டது' என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அப்புறம்தான் விதை எடுத்து, ஒரே மண், ஒரே அளவு தண்ணீர், மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கிய தொட்டிகளில் விதைத்தேன். பன்னிரண்டு நாள் மூன்று நாளாகச் சுருங்கியது. அந்தச் செடிகளின் விதையை மறுபடி விதைத்தபோது அந்த மூன்று நாளும் காணாமல் போனது. முதல் தலைமுறையில் மிச்சமிருந்தது தாய்ச்செடி விதைக்குள் வைத்து அனுப்பிய சத்தின் வித்தியாசம்தான். மேட்டுத் தும்பையும் கரைத் தும்பையும் ஒன்றேதான். தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் பூக்கும் இயல்பு இரண்டிலுமே இருந்திருக்கிறது.

அன்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அந்தத் தொட்டிகளில்தான். சுவீடன்காரர் டூரெஸ்ஸன் செய்ததும் இதே சோதனைதான். கடற்கரை மணலிலிருந்தும் பாறையிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் ஒரே இனத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தார். அவருடைய செடிகள் பல, தோட்டத்திலும் தங்கள் வடிவத்தை விடவில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு 1922இல் அவர் 'ஈக்கோடைப்' என்று பெயரிட்டார், சூழல் வார்த்த வகை என்று சொல்லலாம். பின்னால் கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹைஸி மூவரும் கடல் மட்டத்துக்கு அருகில் ஒன்று, சுமார் 1,400 மீட்டரில் ஒன்று, 3,000 மீட்டருக்கு மேல் ஒன்று என மூன்று தோட்டம் போட்டு, ஒரே செடியைப் பிரித்து மூன்றிலும் நட்டார்கள். பூக்கும் நாளில் எவ்வளவு இடத்தால் வருவது, எவ்வளவு மரபால் வருவது என்று பிரித்துக் காட்டியது அந்த உழைப்பு.

சரி, மரபில் இல்லாத வித்தியாசத்தால் ஒன்றுமே நடக்காதா? நடக்கும், ஆனால் பலவீனமாக. என் தும்பையில்கூட மேட்டு மகரந்தம் கரைக்குப் போவது குறைவுதான். ஆனால் விதை இருக்கிறதே! மழைத் தண்ணீரில் உருண்டு மேட்டு விதை கரையில் விழுந்தால், கரையின் ஈரத்தைக் குடித்து, கரைச் செடிகளோடு சேர்ந்தே பூக்கும், கலந்துவிடும். வேல்ஸ் புல்லில் அப்படி இல்லை. சுரங்க மேட்டு விதை மேய்ச்சல் நிலத்தில் விழுந்து முளைத்தாலும் தன் பழைய நாளில்தான் பூக்கும், சுற்றி இருப்பவற்றோடு அதிகம் சேராது. நாள் விதைக்குள் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்பதில்தான் பிரிவு நிலைக்குமா கலையுமா என்பது இருக்கிறது.

எண்ணும்போது முதல் பூவின் தேதியை மட்டும் குறிக்காதீர்கள். அவசரக்காரச் செடி ஒன்று முந்திப் பூத்துவிட்டால் கணக்கே கோணிவிடும். ஒவ்வொரு தடவையும் திறந்த பூ எத்தனை என்று எண்ணி, ஏறி இறங்கும் முழு வளைவையும் வரையுங்கள். இரண்டு வளைவும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதுதான் நமக்கு வேண்டியது.

கேள்வி: பிரிவுக்குக் காரணம் சூழலா, வெறும் தூரமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? – ஆய்வு மாணவர்

பதில்: தூரத்தில் இருப்பவை சூழலிலும் மாறியே இருக்கும் என்பதுதான் இதில் சிக்கல். மலையடிவாரத்துக் கூட்டத்தையும் உச்சியில் இருக்கும் கூட்டத்தையும் ஒப்பிட்டால் கிலோமீட்டரும் ஏறியிருக்கும், குளிரும் ஏறியிருக்கும். எது பிரித்தது என்று சொல்ல வழியில்லை.

அதனால் இலை சேகரிக்கும்போதே கணக்குப் போட்டுச் சேகரிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தும் மண்ணோ ஈரமோ மாறிய இடங்கள் சில. வெகு தூரத்தில் இருந்தும் ஒரே மாதிரியான இடங்கள் சில. ஒவ்வொரு ஜோடிக்கும் மரபு இடைவெளியைக் கணக்கிடுங்கள். வழக்கமாக எஃப்.எஸ்.டி. என்ற அளவைத்தான் எடுப்பார்கள். பூஜ்யம் என்றால் பிரிவே இல்லை, ஒன்று என்றால் முழுப் பிரிவு. தூரத்தோடு மட்டும் அது ஏறினால் தூரம் காரணம். ஒரே தூரத்தில் இருந்தும் சூழல் மாறிய ஜோடிகளில் அதிகம் என்றால் சூழல் காரணம். இதோடு மூன்றாவதாக ஒரு பட்டியலையும் சேருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். ஒவ்வொரு ஜோடிக்கும் பூக்காலம் எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்பது அது. பலர் வானிலைத் தரவை இறக்கிக்கொண்டு, இலையை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். செடி எப்போது பூக்கிறது என்று பார்க்கத் திரும்பப் போவதில்லை. மழையும் குளிரும் நேரடியாகப் பிரித்தனவா, பூக்கும் நாளை மாற்றி அதன் வழியாகப் பிரித்தனவா என்பது அந்தத் தேதிகள் இல்லாமல் தெரியவே தெரியாது.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய செடி ஒன்று மிமுலஸ் கட்டாட்டஸ், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் மஞ்சள் பூ. கடலோரத்தில் கோடையிலும் பனிமூட்டம் ஈரம் தரும். அங்கே அது பல ஆண்டு வாழும், தாமதமாகப் பூக்கும். உள்நாட்டில் கோடையில் மண் காய்ந்துவிடும். அங்கே ஓராண்டுச் செடி, அவசரமாகப் பூத்து விதை கொட்டிச் சாகும். இரண்டுக்கும் நடுவில் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி இருக்கிறது. திரும்பிய துண்டில் மரபணுக்கள் இடம் மாறிக் கலக்க முடியாது, ஒரு மூட்டையாகவே பிள்ளைக்குப் போகும். லவ்ரியும் வில்லிஸும் அந்தத் துண்டை மட்டும் மறு வகைக்குள் கலப்பின் மூலம் ஏற்றி, கடலோரத்திலும் உள்நாட்டிலும் நட்டுப் பார்த்தார்கள். பூக்கும் நாளும் மாறியது, பிழைப்பும் மாறியது. 2010இல் வந்த அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: இதெல்லாம் நடக்க லட்சக்கணக்கான ஆண்டு ஆகும்தானே?

பதில்: முழுத் தனி இனமாக வேண்டுமென்றால் நெடுங்காலம் ஆகலாம். பிரிவின் முதல் அடிக்கு அவ்வளவு வேண்டாம்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற ஆய்வு நிலையத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. 1856இல் லாவ்ஸ், கில்பர்ட் இருவரும் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விதமான உரம் போட ஆரம்பித்தார்கள். இன்றும் அது நடக்கிறது. அவர்கள் பார்க்க நினைத்தது தீவனத்துக்குக் காயவைக்கும் புல்லின் விளைச்சலை. ஆனால் பாத்திக்குப் பாத்தி மண் மாற, அங்கிருந்த ஆந்தோசாந்தம் என்ற வாசனைப் புல்லும் மாறிக்கொண்டது. பாத்தி ஒன்றில் மண்ணின் நிலையை மாற்றிய ஆறே ஆண்டில் புல்லின் குணம் விலகியதை ஸ்னேடன், டேவிஸ் இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். 2005இல் சில்வர்டவுன் குழு இன்னொன்றைக் காட்டியது. பாத்தியின் நடுவில் இருக்கும் புல்லைவிட, எல்லையை ஒட்டிய புல் பக்கத்துப் பாத்தியின் நாளிலிருந்து விலகிப் பூக்கிறது. கலப்பால் நஷ்டம் எல்லையில் இருப்பதற்குத்தான். அதனால் விலகுவதும் அங்கேதான் நடந்திருக்கிறது. வரப்பு அளவே உள்ள ஒரு எல்லையில்!

வறட்சி இன்னும் வேகம். தென் கலிஃபோர்னியாவில் காட்டுக் கடுகுச் செடியின் விதையை 1997இல் எடுத்து வைத்திருந்தார்கள். நடுவில் 2000 முதல் 2004 வரை கடும் வறட்சி. 2004இல் அதே இடங்களில் மறுபடி விதை எடுத்து, பழைய விதையையும் புது விதையையும் ஒன்றாக விதைத்தார் ஃபிராங்க்ஸ். வறட்சிக்குப் பிந்தைய விதைகள் ஓரிடத்தில் சுமார் 2 நாளும், இன்னோர் இடத்தில் 8 நாளுக்கு மேலும் முந்திப் பூத்தன. ஏழே ஆண்டு. மழை தவறும் காலம் கூடிவரும்போது இந்த எண் என்னைத் தூங்கவிடுவதில்லை. எல்லாச் செடியும் இந்தக் கடுகைப் போல வேகமாக மாறாது, ஓராண்டுச் செடி என்பதால் அது முடிந்தது. ஐம்பது ஆண்டு வாழும் மரம் என்ன செய்யும்?

கேள்வி: இப்படிப் பிரிந்து முழுசாக இரண்டு இனமான செடி எங்காவது உண்டா?

பதில்: ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹோவ் என்ற சின்னத் தீவு. அங்கே மட்டுமே இயற்கையாக வளரும் ஹோவியா பனைகள் இரண்டு இனம். இரண்டுக்கும் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது. அவ்வளவு சின்னத் தீவில் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஒரு பனை எரிமலை மண்ணில் நிற்கிறது, மற்றது சுண்ணாம்பு மண்ணுக்கு மாறிக்கொண்டது. மண் மாறியதோடு பூக்கும் உச்சமும் வாரக்கணக்கில் தள்ளிப்போயிருக்கிறது. 2006இல் சவோலைனென் குழு இதை வெளியிட்டது. அந்தப் பனையில் ஒன்று உலகெங்கும் வரவேற்பறைத் தொட்டிகளில் நிற்கும் கென்டியா. அடுத்த முறை பார்க்கும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சியில் ஒரு செடி ஓராண்டு பிந்தினால்?

பதில்: தனியாகப் பூத்தால் சேர ஆள் இல்லை, விதையும் அரிது. ஆனால் ஒரு சரிவே சேர்ந்து பிந்தினால் கதை வேறு. பூத்து விதைத்ததும் செடி மடிந்துவிடுவதால், அந்தச் சரிவின் சந்ததி அடுத்த பன்னிரண்டாம் ஆண்டிலும் மற்றவற்றைச் சந்திக்காது. நாள் கணக்கில் நாம் பேசிய பிரிவு அங்கே ஆண்டுக் கணக்கில் நிற்கும்.

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து, பாழான ஒரு குன்றில் பழைய செடிகளைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறோம். தொலைவிலிருந்து அதே இனத்து விதையை வாங்கி நட்டோம். நன்றாக வந்தது. ஆனால் குன்றில் மிச்சமிருந்த பழைய செடிகளைவிட மூன்று வாரம் முந்திப் பூத்துவிடுகிறது. இதில் தப்பு உண்டா?

பதில்: உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். இனத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தீர்கள், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் கொண்டுவந்த விதை வேறொரு இடத்தின் மழைக்கும் பகலுக்கும் பழகிய நாளைத் தனக்குள் வைத்திருக்கிறது போலும். மூன்று வாரம் முந்தினால் பழைய செடிகளோடு அது பெரும்பாலும் சேராது. குன்று பச்சையாகத் தெரியும், ஆனால் மிச்சமிருந்த முப்பது நாற்பது செடிகளுக்குப் புது இணை கிடைத்திருக்காது. ஓரத்தில் கொஞ்சம் கலந்தால் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவான ஒரு நாளில் பூக்கும். அது உங்கள் குன்றின் மழைக்குப் பொருந்துமா என்பது சில வருடம் பார்த்தால்தான் தெரியும்.

நட்டதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். இனி எடுக்கும் விதையை மட்டும் குன்றில் மிச்சமிருக்கும் பழைய செடிகளிலிருந்தும், அதே மண்ணும் மழையும் உள்ள பக்கத்து இடங்களிலிருந்தும் எடுங்கள். எல்லோரும் தெரியாமல் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் போய், அன்று முற்றியிருக்கும் காய்களை எல்லாம் பறித்து வந்துவிடுகிறார்கள். அன்று முற்றியது என்றால் ஒரே காலத்தில் பூத்தது என்று அர்த்தம். முந்தியவையும் பிந்தியவையும் பையில் இல்லை. மழை இந்த வருடம் மாதிரியே இனி எல்லா வருடமும் பெய்யும் என்று பந்தயம் கட்டுவது போல அது. மூன்று தடவையாவது போங்கள், பருவத்தின் தொடக்கத்தில், நடுவில், முடிவில். ஒவ்வொரு தடவைக்கும் தனிப் பை. விதை எடுத்த தேதி, அந்தச் செடி பூத்த தேதி, இடம், மண் நான்கையும் பையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். அடுத்த பருவத்தில் உங்கள் குன்றின் கணக்கை எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.